உரித்த கம்பிக்குச் சட்டை

பழைய இரும்புக் கடைக்கு வருகிறவர்களில் தராசைப் பார்க்காதவன் என்று ஒருத்தன் கிடையாது. சாமான் தட்டில் ஏறியதும் கழுத்து தானாக நீளும். முள் நிற்கிறதா, ஆடுகிறதா, கடைக்காரனின் கால்விரல் தட்டில் படுகிறதா என்று எல்லாம் பார்ப்பார்கள். கண் தெரியாத ஆச்சிப்பிள்ளை ஒரு தகரப் பேணியைக் கொண்டுவந்தால்கூட, அது நிறுபட்டு முடியும்வரை தராசின் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

உதயரூபன் மட்டும் பார்க்கமாட்டான். சைக்கிளிலிருந்து சாக்கை இறக்கித் தட்டில் வைத்துவிட்டு, முதுகைத் தராசுக்குக் காட்டிக்கொண்டு செம்புக் கொட்டில் பக்கம் திரும்பி நிற்பான். செம்புக் கொட்டிலில் சுலோஜனா கம்பி உரித்துக்கொண்டிருப்பாள்.

"அந்தாள் செம்பு விக்க வாறாரா, உன்னப் பாக்க வாறாரா கா?" என்று கேட்டாள் இமெல்டா. இமெல்டா அலுமினியம் பிரிக்கிறவள். கை அலுமினியத்தில் இருந்தாலும் கண் ஊரெல்லாம் இருக்கும்.

"வாயப் பொத்திக்கொண்டு வேலையப் பாரு," என்றாள் சுலோஜனா. அவளுக்கு இது இமெல்டாவுக்கு முன்பே தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாதைகள் திறந்துவிட்டன. அமிர்தகழிக்குப் போகிற வீதியில், வாவிக் கரையோரமாக, முகைதீன்பாவாவின் கடை அந்த ஒரு வருடத்தில் மலையாக வளர்ந்துபோனது. வாவியை ஊரார் ஆறு என்பார்கள்; அந்த ஆறு தாண்டிப் படுவான்கரைப் பக்கமிருந்து உழவு மெசின் பெட்டிகளில் சாமான் வரும். துருவேறிய தகரம், உடைந்த தண்ணீர்ப் பம்பி, கடல் அடித்து ஆறு வருடமாக மண்ணுக்குள் கிடந்த மோட்டார், வீடு இல்லாமல் போன வீட்டின் கரண்ட் வயர். எது யாருடையது என்று கடையில் எவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அன்றைக்கு வேலை நடக்காது, அழுகைதான் நடக்கும்.

செம்பு மட்டும் சுலோஜனாவிடம் வரும். ஒரு சின்னக் கத்தி, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு காந்தம். இவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். காந்தம் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. தூக்கி இரும்புக் குவியலுக்கு எறிந்துவிடுவாள். ஒட்டாததைத் தரம் பிரிப்பாள். கத்தியால் தோலுரித்த, பளிச்சென்ற, பச்சை பிடிக்காத கம்பி நம்பர் வன். கறுத்தது, ஈயம் ஒட்டியது, நெருப்பில் போட்டு எடுத்தது நம்பர் டூ. மோட்டாருக்குள் சுற்றிக் கிடந்த மெல்லிய மயிர்க்கம்பி அதற்கும் கீழே. உரித்த பிளாஸ்டிக் தோலெல்லாம் கொட்டிலின் பின்பக்கம் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஒரு பெரிய குவியலாகக் கிடக்கும். அதை வாங்க ஆளில்லை என்பதால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

உதயரூபன் முதல்முதல் வந்தபோது கொண்டுவந்தது சுட்ட கம்பி. அடுப்புக் கரியில் பிறந்தது போல இருந்தது.

"ஆரு இதச் சுட்டது?" என்று கேட்டாள் சுலோஜனா.

"நான்தான்."

அந்த ஒரு சொல்லில் அவளுடைய கத்தி நின்றுவிட்டது. முகம் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன், கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சுலோஜனா புளியந்தீவுச் சந்தையில் இருந்தாள். அவளுடைய புருசன் நல்லரத்தினம் நாவலடிக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். சந்தையிலிருந்தவள் மிஞ்சினாள், கரையிலிருந்தவர் மிஞ்சவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த நாட்களில், முற்றத்து மரத்தில் யாரோ ஒரு லவுட்ஸ்பீக்கர் குழாயைக் கட்டினார்கள். காலையும் பின்னேரமும் அதில் ஒரு குரல் காணாமல்போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "நாவலடி நல்லரத்தினம், எங்கிருந்தாலும் பள்ளிக்கூட முன்வாசலுக்கு வரவும். உங்கள் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள்." நாள் போகப் போகப் பெயர்கள் குறைந்தன. ஆட்களே போய், இனி வேண்டாம் தம்பி, நிப்பாட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சுலோஜனா போய்ச் சொல்லவில்லை. குரலும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுத்த கடைசி நாள் காலையிலும் அது நல்லரத்தினத்தைக் கூப்பிட்டது. அவர் வரவில்லைதான். ஆனாலும் கூப்பிட ஒரு ஆள் இருந்தது அவளுக்கு அப்போது பெரிய காரியமாக இருந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் சுட்ட கம்பியோடு வந்து முன்னால் நிற்கிறான். அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம்.

"என்னத்துக்குச் சுட்டீங்க?"

"தோ... தோல் போகட்டுமெண்டு."

"தோலோட உசிரும் போயிட்டே! சுட்டா நம்பர் டூ. கத்தியால உரிச்சுக் கொண்டந்தா நம்பர் வன். வீட்டில கத்தி இல்லியா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். மைக்கைப் பிடித்தால் ஊரையே கட்டிப்போடுகிற மனிசனுக்கு மைக் இல்லாமல் நாலு சொல் சேர்த்துப் பேச வராது. லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பதுதான் அவனுடைய தொழில் என்பதும், கிறிஸ்து பிறந்த நத்தாருக்காக ஒரு கரையோரத் தேவாலயத்தில் கட்டியிருந்த அவனுடைய ஒலிபெருக்கிச் செற் முழுவதையும் அதே ஞாயிற்றுக்கிழமை கடல் எடுத்துக்கொண்டு போனது என்பதும், இமெல்டா பிறகு விசாரித்துச் சொன்ன சங்கதிகள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டது இரவல் மைக்கிலாம், பிறகு தொண்டு நிறுவனம் ஒன்று புதிதாகச் செற் கொடுத்ததாம். நாற்பது வயதாகியும் கலியாணம் கட்டவில்லையாம். தாயும் போன மாசிக்கு முதல் மாசி செத்துப்போனாவாம். இமெல்டா விசாரித்தால் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாள்.

அடுத்த தடவை அவன் உரித்த கம்பியோடு வந்தான். விரல்களில் வெட்டுக்காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது. கம்பி பழசு, வளைந்து நெளிந்து கிடந்தது, இடைக்கிடை முடிச்சு. ஆனாலும் நம்பர் வன்.

"இப்ப சரி," என்றாள் சுலோஜனா.

அந்த இரண்டு சொல்லைத் தூக்கிக்கொண்டு அவன் போன வேகத்தில் சைக்கிள் சங்கிலி கழன்றது. பிறகு கிழமை தவறாமல் வந்தான். சுலோஜனாவும், அவன் வருகிற நாளாகப் பார்த்து, கடைக் கிணற்றில் முகம் கழுவத் தொடங்கினாள்.

"புருசன் போனா முகம் கழுவக்கூடாதெண்டு சட்டமா என்ன?" என்றாள் இமெல்டா. "திராய்மடுவில வீடு உன்ர பேரில. கிணறும் இருக்கு. நம்மட பக்கத்தில மாப்பிள்ளதானே பொண்ணு வீட்ட வந்து ஏறணும். வரட்டும், ஏறட்டும்."

"உனக்கு இண்டைக்கு அலுமினியம் காணாது போல," என்றாள் சுலோஜனா. ஆனால் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. நாசமாய்ப்போன அவளுடைய கண்தான் அதைக் கெடுத்தது.

பழைய கம்பிக்குப் பழைய கம்பியின் முகம் உண்டு. நுனியில் பச்சை பிடித்திருக்கும், மடிந்த இடத்தில் கறுத்திருக்கும், ஒரு சாக்கில் பத்து வீட்டுக் கம்பி கலந்திருக்கும். உதயரூபன் பிந்திக் கொண்டுவந்த சாக்குகளில் அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே தடிப்பு, ஒரே நிறம். முடிச்சு இல்லை, பச்சை இல்லை. வெட்டிய நுனி அன்றைக்குத்தான் வெட்டியதுபோல மினுங்கியது. எவனும் இப்படிப்பட்ட கம்பியைக் கழித்துவிடமாட்டான். இது புதுக் கம்பி. வேலை செய்துகொண்டிருந்த கம்பி.

பார்த்தும், சாக்கைத் தனியாகக் கட்டி மூலையில் வைத்தாள். அவனிடம் கேட்காமல் இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

வெசாக் பெருநாளுக்கு முந்திய கிழமை முகைதீன்பாவா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு செம்புக் கொட்டிலுக்கு வந்தார். தொப்பி தலையில் இல்லாமல் கையில் இருந்தால் ஏதோ சோலி என்று அர்த்தம்.

"புள்ள, பொலிஸ் வந்திட்டுப் போறான். எவனோ டெலிபோன் கம்பிய அறுக்கிறானாம். எந்தக் கடையில அந்தக் கம்பி கிடந்தாலும் கடைக்குச் சீல்தானாம். கம்பியப் பாக்கிற கண் உனக்கிட்டதான் இருக்கு. ஏதும் சந்தேகமாக் கண்டா எனக்குச் சொல்லிரு."

"உரிச்சு வந்தா எந்தக் கம்பியெண்டு ஆருக்கும் சொல்ல ஏலா காக்கா. தோல் இருந்தாத்தானே ஆள் தெரியும்." கடையில் எல்லாருக்கும் அவர் காக்கா, மூத்த அண்ணன்.

"அதானே! உரிச்சுக் கொண்டாறவனத்தான் கவனமாப் பாக்கணும்," என்றார் அவர். சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

சுலோஜனா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். உரித்துக் கொண்டுவா என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான். கள்ளனுக்குத் தடயத்தை அழிக்கப் பாடம் எடுத்திருக்கிறாள், அதுவும் திட்டித் திட்டி. தராசைப் பார்க்காமல் நின்றதன் காரணமும் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. தன் சொந்தச் சாமானாக இருந்தால்தானே நிறையைப் பார்ப்பான்?

சொன்னால், நல்லரத்தினத்தைக் கடைசி நாள்வரைக்கும் கூப்பிட்ட மனிசன் பொலிசுக்குப் போவான். சொல்லாவிட்டால், ஒரு நாள் கடைக்குச் சீல் விழும். இமெல்டாவின் வீட்டிலும் அவள் வீட்டிலும் அடுப்பு எரியாது. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அவனைக் கள்ளனென்று நினைக்கவே அவளால் ஏலவில்லை. நினைக்காமலிருக்கவும் ஏலவில்லை.

கொழும்பு லொறி வெசாக் லீவுக்கு முன்பே நின்றுபோனதால், அவன் கொண்டுவந்த புதுக் கம்பி முழுவதும் இன்னும் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது. அன்று மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து, சுலோஜனா அந்தச் சாக்குகளை இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத் தோல் குவியலுக்கு அடியில் புதைத்தாள். இந்தக் கடையில் அவள் செய்த முதல் களவு அதுதான்.

இரண்டு நாள் கழித்து உதயரூபன் இன்னொரு சாக்கோடு வந்து நின்றான். அழுத்தி மடிப்பு நிற்கிற சட்டை போட்டிருந்தான். சுலோஜனா முகம் கழுவியிருக்கவில்லை.

"இது எங்க எடுத்தது?"

"வீ... வீட்டில."

"வீட்டில எங்க?"

"வீட்டில... கிடந்தது."

"வீட்டில கம்பி காய்க்குதா? ஒவ்வொரு கிழமையும் ஆய்ஞ்சு ஆய்ஞ்சு கொண்டாறீங்க!"

அவனுடைய முகம் சிவந்தது. குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். குற்றமில்லாதவன் என்றால் கோபப்பட வேண்டாமா, இவன் ஏன் குனிந்துகொண்டு நிற்கிறான் என்று அவளுக்கு இன்னும் எரிந்தது.

"இனி இஞ்ச கம்பி கொண்டு வர வேணாம்," என்றாள். "வராதீங்க."

அவன் சாக்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். சங்கிலி கழலவில்லை. சைக்கிளில் ஏறவேயில்லை, உருட்டிக்கொண்டுதான் போனான். சுலோஜனா அந்தச் சாக்கையும் தோல் குவியலுக்குள் புதைத்தாள். அன்று பின்னேரம் கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது. இமெல்டா எதுவும் கேட்கவில்லை. இமெல்டா கேட்காமலிருந்ததில்தான் சுலோஜனாவுக்கு அழுகை வந்தது.

வைகாசிப் பூரணை நெருங்கியது. கடைக்குக் கூப்பிடு தூரத்தில், வாவிக் கரையில் இருக்கிற சின்னக் கண்ணகை அம்மன் கோயிலில் சடங்கு தொடங்கிவிட்டது. சண்டை முடிந்த பிறகு, எவனிடமும் அனுமதிப் பெமிற் கேட்காமல், எவனும் வந்து குறைத்துப் போடு என்று சொல்லாமல், வாய் விட்டுச் செய்கிற சடங்கு. கலியாணக்கால் நடுகிற நாளன்று முகைதீன்பாவா அரை நாள் லீவு கொடுத்தார். அம்மனுக்குக் கலியாணம் என்று சொல்லி மரக்காலுக்குச் சேலை சுற்றி, பின்னேரம் நடுவார்கள். ஊர் முழுக்கத் திரண்டுவிடும். இமெல்டா வேதக்காரி என்றாலும் சடங்குக் கடலை என்றால் விடமாட்டாள். இருவரும் மத்தியானமே போய்விட்டார்கள்.

கோயிலடிக்குப் போனால் பாட்டுச் சத்தம் முணுமுணுவென்று கேட்கிறது. வழக்கமாகக் கோயில் வாசலில் ஒரு குழாய், சந்தியில் ஒன்று, வாசிகசாலையடியில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று இருக்கும். ஆற்றங்கரைக் குழாய்தான் முக்கியம். நடக்க முடியாமல் கரையோர வீடுகளில் கிடக்கிற சனம் அதில்தான் அம்மனுடைய பாட்டைக் கேட்கும், அக்கரையிலும் கேட்கும். இன்றைக்கு வாசல் குழாய் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

மைக் கொட்டிலுக்கு முன்னால் கோயில் வண்ணக்கர் கோணாமலை நின்று குதித்துக்கொண்டிருந்தார். கோயிலின் கணக்கும் கண்டிப்பும் அவர் கையில்தான். அவருக்கு முன்னால் உதயரூபன்.

"ஆத்தங்கரைக் குழாய்க்கு லைன் எங்கடா? இத்தன வருசமா உன்னட்டதானே குடுத்த நாங்க? கம்பி எங்க?"

"போ... போயிட்டு."

"எங்க போயிட்டு? கடலா வந்த திரும்பவும்? கலியாணக்கால் நடக்குள்ள ஆத்தங்கரையில சத்தம் வரல்லையெண்டா, இனி இந்தக் கோயில் வாசல மிதிக்காத. களுவாஞ்சிக்குடியில ஆள் இருக்கு, நான் பாத்துக்கொள்ளுவன்."

வண்ணக்கர் சால்வையை உதறிக்கொண்டு போனார். உதயரூபன் நின்ற இடத்திலேயே நின்றான். பக்கத்தில் மரத்தாலான பெரிய கம்பி உருளை ஒன்று கிடந்தது. கம்பி சுற்றி வைக்கிற உருளை. அதில் கம்பி இல்லை. சிவப்புத் தோல் போட்ட ஒரு முழத் துண்டு மட்டும் ஆணியில் தொங்கியது.

சுலோஜனாவின் கை தானாக இடுப்புக்குப் போய்க் கத்தியை எடுத்தது. துண்டைப் பிடித்து ஒரு கீறல், ஒரு இழுப்பு. தோல் கையோடு வந்தது. உள்ளே இருந்ததைப் பார்த்தாள். அதே தடிப்பு, அதே நிறம். தோல் குவியலுக்கு அடியில் சாக்குச் சாக்காகப் புதைந்து கிடக்கிற கம்பியின் மிச்சம்.

"இதயா உரிச்சு உரிச்சுக் கொண்டந்தீங்க?"

அவன் தலையாட்டினான்.

"தொழில் செய்யிற கம்பிய? சொந்தக் கம்பிய? ஏன்?"

உதயரூபன் கொட்டிலுக்குள் இருந்த மைக்கை ஒரு தடவை ஆசையோடு பார்த்தான். அது தூரத்தில் இருந்தது. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் வாழ்நாளில் மைக் இல்லாமல் பேசிய ஆக நீளமான பேச்சைப் பேசினான்.

"அங்க வாறதெண்டா... ஏதும் கொண்டு வரணுமே. சும்மா வர ஏலாதே. மு... முதல் பழசுதான் கொண்டந்த. மறுகா பழசு முடிஞ்சிட்டு."

இமெல்டா வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்துபோனாள்.

சுலோஜனாவுக்குச் சிரிக்கிறதா, அறைகிறதா, அழுகிறதா என்று விளங்கவில்லை. வெட்கம் காதுவரை ஏறியது. "நான் உங்களக் கள்ளனெண்டு நெனச்சன்," என்றாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று பட்டது. "டெலிபோன் கம்பி அறுக்கிறீங்களெண்டு நெனச்சன். பொலிசுக்குப் பயந்து எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சன். லொறியில ஏத்தல்ல."

அவன் நிமிர்ந்தான். "ஏ... ஏத்தல்லியா?"

"ஏத்தல்ல. ஒரு முழம்கூடப் போகல்ல. இமெல்டா, நட கா!"

முகைதீன்பாவா கடை வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுலோஜனா மூச்சு வாங்க ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"களவெண்டு கண்டா எனக்குச் சொல்லெண்டுதானே நான் சொன்ன? நீ என்ர கடைக்குள்ளேயே தாட்டு வெச்சிருக்காய்! பொலிஸ் வந்து கிளறியிருந்தா?"

"பிழைதான் காக்கா."

"பிழையாம்!" அவர் தொப்பியைக் கழற்றினார், பார்த்தார், திருப்பிப் போட்டார். "அவன் பேயன், நீ அவனவிடப் பேய்ச்சி. அம்மன் கோயிலுக்குத்தானே? எடுத்துக்கொண்டு போங்க. சடங்கு முடிஞ்சு திரும்பக் கொண்டாரக்குள்ள எனக்கு நம்பர் வன்னாவே வரணும், சொல்லிட்டன்!"

கம்பி கிடைத்துவிட்டது. ஆனால் அது அம்மணமாகக் கிடைத்தது. இரண்டு கம்பி ஒன்றோடொன்று முட்டினால் சத்தம் செத்துவிடும். தோல் இல்லாமல் லைன் இழுக்க ஏலாது. அவன் வீட்டில் உரித்த தோலையெல்லாம் எரித்துவிட்டானாம். உரிக்கச் சொன்னவள் சுலோஜனா. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தோல் குவியலுக்கு முன்னால் நின்றாள்.

அவள் உரிக்கிற முறை ஒன்று உண்டு. மற்றவர்கள் மாதிரிச் சீவிச் சீவி எடுப்பதில்லை. ஒரு பக்கமாக நீளத்துக்குக் கீறி, உள்ளே இருக்கிறதை இழுத்துவிடுவாள். தோல் உடையாமல், ஒரு பக்கம் வாய் திறந்த குழலாக அப்படியே கிடக்கும். ஒரு பச்சைத் தோலை எடுத்துக் கம்பிமேல் வைத்து அமத்தினாள். 'டப்' என்று கவ்விக்கொண்டது.

"பாத்தியா!" என்றாள் இமெல்டா. "கழட்டின சட்டையத் திரும்பப் போடுறாள்!"

பின்னேரம்வரைக்கும் மூன்று பேரும் குந்தியிருந்தார்கள். உதயரூபன் துண்டுகளை முறுக்கி மூட்டினான். சுலோஜனா சட்டை போட்டாள். இமெல்டா தன்னுடைய பழைய துப்பட்டியைக் கிழித்து மூட்டுகளுக்குச் சுற்றினாள். ஆறு வருடமாகக் கழற்றிக் கழற்றியே பழகிய கை, போடத் தொடங்கியபோது முதலில் தடுமாறியது. பிறகு வேகம் பிடித்தது. வேலைக்கு நடுவில் உதயரூபனின் விரலில் இருந்த வெட்டுக்காயங்களைச் சுலோஜனா பார்த்தாள். எல்லாம் அவளுடைய ஏச்சுக்குப் பட்ட காயங்கள். அவளுக்கு உள்ளுக்குள் இளகியது. "கத்திய வெளிப்பக்கமாப் பிடிக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

லைன் தென்னைக்குத் தென்னை ஏறி, சந்தியையும் வாசிகசாலையடியையும் தொட்டு, ஆற்றங்கரைக்குப் போனது. சிவப்பில் ஒரு பாகம், நீலத்தில் ஒரு பாகம், பிறகு மஞ்சள், பிறகு பச்சை, இடையிடையே இமெல்டாவின் பூப்போட்ட துணி. வண்ணக்கர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த முறை சோடனையெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கான்," என்றார். கோபம் இறங்கிவிட்டது.

சேலை சுற்றிய கலியாணக்காலைத் தூக்கிவந்தபோது, உதயரூபன் மைக்குக்கு முன்னால் இருந்தான். சுலோஜனா ஆற்றங்கரைக் குழாய்க்குக் கீழே போய் நின்றாள். சத்தம் வந்தால் அங்கேதான் முதலில் தெரியும். குழாய் ஒரு தடவை கரகரத்தது. பிறகு அம்மன் பாட்டு உடைந்து கொட்டியது. கரையோர வீட்டு வாசல்களில் சனம் எழுந்து கும்பிட்டது. தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் வலையை விட்டுவிட்டுக் கையைத் தலைக்குமேல் கூப்பினான்.

கால் நட்டு முடிந்தது. பாட்டு நின்றது. வழக்கம்போல அறிவித்தல் தொடங்கியது. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று கொட்டிலில் நிற்கிறது, தாய் வந்து கூட்டிப்போகவும். செருப்பைத் தவறவிட்டவர்கள் வாசலில் பார்க்கவும். மைக்குக்கு முன்னால் அந்தக் குரலுக்குத் திக்கல் இல்லை, பயம் இல்லை. ஆறு வருடத்துக்கு முந்திய அதே குரல்.

"திராய்மடு சுலோஜனா. திராய்மடு சுலோஜனா எங்கிருந்தாலும் ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு வரவும். உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

சுலோஜனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குரல் கூப்பிட்டவர்களில் எத்தனையோ பேர் வரவில்லை. அவளால் வர முடியும். கால் இருக்கிறது, உயிர் இருக்கிறது, கொட்டில் அதோ தெரிகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

கொட்டிலுக்குள் போனதும் முதலில் மைக்கின் சுவிச்சை நிப்பாட்டினாள். உதயரூபனின் முகத்தில் பாதித் தைரியம் அதோடு போய்விட்டது.

"வந்திட்டன். ஆரு காத்திருக்கிற?"

"க... கம்பிய..."

"கம்பிக் கதைய விடுங்க. அத காக்காவும் நீங்களும் பாத்துக்கொள்ளுங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போகல்ல. திராய்மடுவில, கடைசி ஒழுங்கையில, நீலக் கேற் போட்ட வீடு. காலைல வாங்க."

"எ... என்ன கொண்டு வர?"

"ஒண்டும் கொண்டு வர வேணாம். கம்பியும் வேணாம், சாக்கும் வேணாம்." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வெறுங்கையோட வாங்க. வெறுங்கையோட வந்தாலும் நான் கேற்றத் திறப்பன்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். ஒன்றும் வரவில்லை. கையை நீட்டி மைக்கின் சுவிச்சைப் போட்டான்.

"வாறன்," என்றான்.

சந்தியில் கேட்டது, வாசிகசாலையடியில் கேட்டது, ஆற்றங்கரையில் கேட்டது, அக்கரையிலும் கேட்டிருக்கும். சனமெல்லாம் யார் வருகிறார் என்று வீதியைத் திரும்பிப் பார்த்தது. வண்ணக்கர் யாரோ பெரியவர் வருகிறாராக்கும் என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார்.

வெளியே இமெல்டா கடலைச் சுருளோடு நின்றாள்.

"ஆருகா வாறாராம்?"

"நட," என்றாள் சுலோஜனா. "நாளைக்கு வெள்ளன ஒழும்பி வீடு கூட்டணும்."